வாயில்லா ஜீவனுக்கும் ஒரு பங்கு



2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஓர் ஆணை பிறப்பித்தது. தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் திரியும் தெரு நாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும், மீண்டும் தெருவில் விடக்கூடாது என்பது அந்த ஆணை. பதினோரு நாள்தான். ஆகஸ்ட் 22ஆம் நாள் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடை அறுவையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் காப்பகத்தில் இருக்கட்டும் என்றது. நவம்பர் 7ஆம் நாள் இன்னோர் ஆணை வந்தது. பள்ளிக்கூடங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், இரயில் நிலையங்கள் ஆகியவற்றில் பிடிபடும் நாய்களைத் திரும்ப அதே இடத்தில் விடக்கூடாது, காப்பகத்தில்தான் வைக்க வேண்டும் என்றது. இது நாடு முழுமைக்கும் பொருந்தும்.

அன்று தொடங்கிய வாக்குவாதம் எளிதில் ஓயவில்லை. தொலைக்காட்சிகளில் ஒரு பக்கம் நாய்ப் பிரியர்கள், மறுபக்கம் நாய்க்கடி பட்டவர்கள் என்று நாற்காலி போட்டு உட்கார வைத்து மோதவிட்டார்கள். நம் பங்குகளிலும் இதே நிலைதான். ஒரே அன்பியத்தில் இரவுதோறும் பத்துப் பன்னிரண்டு நாய்களுக்குச் சோறு வைக்கும் ஓர் அம்மா இருப்பார். டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்த மகனை அதே நாய்களில் ஒன்று கடித்துவிட, அவனை ஊசிக்கு அழைத்துக்கொண்டு நான்கு முறை அலைந்த இன்னோர் அம்மாவும் இருப்பார். இருவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து செபமாலை சொல்வார்கள். பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது! 'சாமி, நீங்க யார் பக்கம்?' என்று இருவருமே தனித்தனியாக வந்து கேட்பார்கள்.

பக்கம் சொல்வதற்கு முன்னால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. காப்பகம், காப்பகம் என்று நீதிமன்றமும் சொல்கிறது, நாமும் சொல்கிறோம். அந்தக் காப்பகம் எங்கே இருக்கிறது? யார் காசில் நடக்கிறது? உள்ளே போன விலங்கு அங்கே எப்படி வாழ்கிறது?

பெருநகரச் சென்னை மாநகராட்சி 2024ஆம் ஆண்டில் எடுத்த கணக்கெடுப்பில் நகரில் ஏறக்குறைய 1.8 லட்சம் தெரு நாய்கள் இருப்பதாகத் தெரிந்தது. 2018ஆம் ஆண்டுக் கணக்கில் இது அறுபதாயிரத்துக்கும் குறைவாக இருந்தது. 2024இல் எண்ணியவற்றில் கருத்தடை முடிந்தவை நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டின. இவ்வளவு நாய்களையும் அடைத்துச் சோறு போடுவது என்றால் என்ன ஆகும்? ஒரு நாய்க்கு ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 90 லட்சம் ரூபாய். ஆண்டுக்கு 328 கோடி ரூபாய்க்கு மேல். மருந்து, ஆள், இடம், தண்ணீர் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. பால்வாடிக்கு முட்டை போடவே கணக்குப் பார்க்கும் நாட்டில் இது நடக்கிற காரியமா? ஆகவே எல்லா நாயையும் அடைத்துவிடலாம் என்பது வெறும் பேச்சு. ஆனால் அடிபட்டவை, நோயுற்றவை, முடமானவை, கைவிடப்பட்ட வளர்ப்பு நாய்கள், பள்ளி வளாகத்தில் பிடிபட்டவை ஆகியவற்றுக்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைப் பெரும்பாலும் அரசு நடத்தவில்லை. நம்மைப் போன்றவர்கள் கொடுக்கும் நன்கொடைதான் நடத்துகிறது.

மழைநீரில் மிதந்த இரண்டு குட்டிகள்

சென்னையில் 'புளூ கிராஸ்' என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். அடிபட்ட நாயைப் பார்த்தால் 'புளூ கிராஸுக்கு போன் பண்ணுங்க' என்று சொல்வது இந்த ஊர்ப் பேச்சிலேயே கலந்துவிட்டது. 1959ஆம் ஆண்டு மழைக்காலத்தில் தியாகராய நகரில் தெருவில் ஓடிய வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைக் கேப்டன் வி. சுந்தரம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார் என்றும், அதுதான் இந்த அமைப்பின் தொடக்கம் என்றும் சொல்வார்கள். அவர் விமானி, அவருடைய மனைவி உஷா சுந்தரமும் விமானி, நாட்டின் முதல் பெண் விமானிகளுள் ஒருவர். வீட்டில் தொடங்கிய வேலை வளர்ந்து வேளச்சேரிச் சாலையில் காப்பகமானது. மகன் சின்னி கிருஷ்ணா 1964ஆம் ஆண்டிலேயே, கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடையும் தடுப்பூசியும் என்ற வழியை எடுத்துச் சொன்னார். மாநகராட்சி காது கொடுக்க முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின!

அதுவரை என்ன நடந்தது? பிரிட்டிஷ் காலம் தொட்டே சென்னை மாநகராட்சி தெரு நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. பிற்காலத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். நூறாண்டுக்கு மேல் கொன்றும் நாய் குறைந்ததா? இல்லை. ஒரு தெருவின் நாய்களை அகற்றினால் அங்கே கிடக்கும் குப்பையைத் தின்ன அடுத்த தெருவிலிருந்து வேறு நாய்கள் வரும். பெட்டை நாய் இரண்டு மாதத்தில் நான்கைந்து குட்டி போட்டுவிடும். 1996ஆம் ஆண்டில்தான் மாநகராட்சி கொல்வதை நிறுத்திக் கருத்தடைத் திட்டத்துக்கு வந்தது. 2001இல் மத்திய அரசு இதையே நாடு முழுமைக்கும் விதியாக்கியது. 2023இல் அந்த விதிகளைப் புதுப்பித்தது. அறுவை முடிந்த நாயின் காதில் சிறு வெட்டு அடையாளம் இருக்கும். உங்கள் தெரு நாயின் காதைப் பாருங்கள், தெரியும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது இது. இன்று நாட்டின் சட்டமாக இருப்பது, ஒரு காலத்தில் சிலர் தங்கள் கைக்காசிலும் நண்பர்கள் கொடுத்த காசிலும் செய்துபார்த்த வேலை. அரசு பின்னால்தான் வந்தது. திருச்சபையின் பள்ளிகள், மருத்துவமனைகள், தொழுநோயாளர் இல்லங்கள் கதையும் இதுதானே!

உள்ளே போய்ப் பார்த்தால்

காப்பகம் எதுவானாலும், முதலில் நம்மைத் தாக்குவது வாடை. அடுத்தது சத்தம். அதைத் தாண்டி உள்ளே போனால்தான், நாம் கொடுக்கும் காசு என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்பது புரியும்.

பார்வோ என்றொரு வைரஸ் இருக்கிறது. குட்டிகளுக்கு வாந்தியும் இரத்தப் பேதியுமாக வந்து இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண பினாயில் ஊற்றிக் கழுவினால் சாகாது. பிளீச்சிங் பவுடர் வேண்டும். யாரோ ஒரு புண்ணியவான் இரவோடு இரவாக அட்டைப் பெட்டியில் ஐந்து குட்டிகளை வைத்து வாசலில் விட்டுவிட்டுப் போகிறார். அவற்றில் ஒன்றுக்கு இந்த நோய் இருந்தால் உள்ளே இருக்கும் குட்டிகள் எல்லாவற்றுக்கும் போகும். தடுக்க வழி உண்டா? உண்டு. புதிதாக வருபவற்றைத் தனியே வைக்க ஓர் அறை, கழுவித் துடைக்கத் தோதான விரிசலில்லாத தரை, உரிய நேரத்தில் தடுப்பூசி, விழுந்துவிட்ட குட்டிக்கு சலைன் பாட்டில். இவ்வளவுதான். இவை இருந்தால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கும். இல்லையென்றால் காப்பகமே சாக்களமாகிவிடும்.

ஆனால் நன்கொடையாளர்கள் விரும்பிக் கொடுப்பது எது? பிஸ்கட்! பிறந்தநாள் என்றால் ஒரு பெட்டி பிஸ்கட். நல்ல மனதோடுதான் கொண்டுவருகிறார்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் சர்க்கரையும் மாவும் நாய்க்கு உணவாகாது. பால் பாக்கெட் வாங்கி வந்து குட்டிகளுக்கு ஊற்றுகிறார்கள். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டம் தரும். கல்யாண வீட்டில் மிஞ்சிய பிரியாணியை எலும்போடு கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். வெந்த எலும்பு சிம்புசிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைப் பையில் போட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. நமக்குக் காய்ச்சல் தணிக்கும் பாரசிட்டமால் பூனைக்கு எமன் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பினாயில் வகைகளிலும் பூனைக்கு ஆகாதவை பல உண்டு. எனவே முதலில் ஒரு போன் போட்டு 'உங்களுக்கு இப்போது என்ன வேண்டும்?' என்று கேட்டுவிட்டுப் போவதே பாதி தர்மம்.

நம் கோவில்களில் டியூப் லைட் வாங்கிக் கொடுப்பவர்கள் அதன் மேலேயே 'உபயம்' என்று பெயர் எழுதி வெளிச்சத்தை மறைத்துவிடுவதை வேடிக்கையாகச் சொல்வோம். காப்பகத்திலும் இதே கதைதான். கூண்டு வாங்கித் தரலாம், அதில் பெயர் போடலாம். ஆம்புலன்ஸ் வாங்கித் தரலாம், அதிலும் பெயர் போடலாம். அந்த ஆம்புலன்சுக்கு மாதந்தோறும் போடும் டீசலில் யார் பெயரை எழுதுவது? தண்ணீர் லாரிக் காசில், மின்கட்டணத்தில் எழுத முடியுமா? ஆகவே வண்டி இருக்கும், டீசல் இருக்காது. எக்ஸ்ரே கருவி இருக்கும், அதை இயக்குபவருக்குச் சம்பளம் இருக்காது.

சம்பளம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதிகாலையில் வந்து ஒவ்வொரு கூண்டாக மலம் அள்ளி, தண்ணீர் அடித்து, புழு வைத்த புண்ணில் மருந்தூற்றிப் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிறவர்கள் யார்? நாய் பிடிக்கும் வண்டியில் போய்க் கடிபடுகிறவர்கள் யார்? பெரும்பாலும் ஏழைகள், நம் பங்குகளின் ஓரத்தில், கால்வாய்க் கரையில் குடியிருப்பவர்கள். 'நாய்க்குச் செலவு செய்யுங்கள், ஆனால் சம்பளத்துக்கு என் காசைத் தொடாதீர்கள்' என்று நிபந்தனை போட்டுக் கொடுக்கும் நல்லவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இது என்ன நியாயம்? அந்த ஆளுக்கு முறையான கூலியும், கையுறையும், முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசியும் கிடைத்தால்தான் நாய்க்கும் நல்ல கவனிப்பு கிடைக்கும். பாதிக் கூலிக்கு நாற்பது கூண்டு கழுவுகிறவர் நாயைத் தடவிக் கொடுப்பார் என்று எதிர்பார்க்கலாமா?

கொடுக்கப்படும் பொருள்களில் மலிவானவைதாம் பல நேரங்களில் பெரிய வேலை செய்கின்றன. பழைய செய்தித்தாள் குட்டிகளின் அடியில் விரிக்க. பழைய போர்வையும் துண்டும் இடுப்பொடிந்து படுத்த நாய்க்கு. சிமெண்டுத் தரையில் எழ முடியாமல் கிடக்கும் நாய்க்கு இரண்டே நாளில் படுக்கைப் புண் வந்துவிடும், நம் வீட்டு முதியவர்களுக்கு வருவதைப் போலவே. மழைக்காலத்துக்குத் தார்ப்பாய், கோடைக்குக் கூரை நிழல். பின்னங்கால் இரண்டும் செயலிழந்த நாய்க்குச் சக்கரம் வைத்த சிறு வண்டி கட்டிவிட்டால், அது முன்னங்கால்களால் இழுத்துக்கொண்டு முற்றமெல்லாம் சுற்றிவரும்.

காசு கொடுக்க முடியாதவர்கள் நேரம் கொடுக்கலாம். அடைபட்ட நாய் சும்மா இருக்காது. ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும், தன் காலையே நக்கி நக்கிப் புண்ணாக்கும். தினம் அரை மணி நேரம் யாராவது கயிறு போட்டு நடத்திக்கொண்டு போய் வந்தால் அதன் குணமே மாறும். தத்தெடுக்க வருகிறவர்கள் வாலாட்டிக்கொண்டு கம்பியருகே வரும் நாயைத்தானே பார்ப்பார்கள்? மூலையில் பதுங்கிக் கிடப்பதை யார் பார்ப்பார்? எனவே நடத்திக்கொண்டு போகும் அந்த அரை மணி நேரம் ஒரு வீடு கிடைப்பதற்கான வழி. வீடு கிடைத்தால் ஒரு கூண்டு காலியாகும். அந்தக் கூண்டுக்குச் சாலையில் அடிபட்டுக் கிடக்கும் இன்னொன்று வரும்.

இங்கே ஒரு வார்த்தை. காப்பகங்கள் நிரம்பி வழிவதற்குத் தெரு நாய் மட்டும் காரணம் அன்று. சினிமாவில் பார்த்தோம், பக்கத்து வீட்டில் பார்த்தோம் என்று பனிப்பிரதேசத்து ஹஸ்கியை வாங்கிவந்து சென்னை வெயிலில் கட்டிப்போட்டு, தோல் நோய் வந்ததும் கொண்டுபோய் விடுகிறார்களே, அவர்களும் காரணம். சென்னை மாநகராட்சி 2025ஆம் ஆண்டு இறுதியில் வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று கொண்டுவந்தது. கைவிட்டவர் யார் என்று இனியாவது தெரியட்டும்.

நாயோடு கதை முடியவில்லை. 2019ஆம் ஆண்டு அக்டோபரில் வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழக அரசு தடை போட்டு அப்போது பத்தாவது மாதம்! மாஞ்சா நூலில் இறக்கை அறுந்த பறவைகளும் காப்பகத்துக்குத்தான் வருகின்றன. தீபாவளி வெடிக்கு மிரண்டு ஓடி அடிபடும் நாய்களைப் பற்றிப் பேசும்போது, நாம் கிறிஸ்துமஸ் நள்ளிரவிலும் புத்தாண்டுத் திருப்பலி முடிந்ததும் வெடிப்பதை வசதியாக மறந்துவிடுகிறோம்.

மனிதனுக்கே இல்லை, நாய்க்கா?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. வரவும் வேண்டும். பிளாட்பாரத்தில் படுத்திருக்கும் குடும்பத்தைத் தாண்டிப் போய் நாய்க்குச் சோறு வைப்பது சரியா? வின்சென்ட் தே பவுல் சபை உண்டியலில் பத்து ரூபாய் போடத் தயங்குகிறவர் காப்பகத்துக்கு ஆயிரம் அனுப்பலாமா?

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி இதை நேராகவே தொட்டிருக்கிறது. 2416ஆம் எண்ணில், விலங்குகள் கடவுளின் படைப்புகள், அவை இருப்பதே அவருக்குப் புகழ்ச்சி, அவற்றுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டுள்ளோம் என்கிறது. அசிசி நகர் புனித பிரான்சிசையும் புனித பிலிப் நேரியையும் நினைவூட்டுகிறது. 2418ஆம் எண்ணில் இரண்டு பக்கமும் வெட்டும் வாள் இருக்கிறது. தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே எதிரானது என்கிறது. மனிதத் துயரைத் துடைக்க முதலில் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகள்மீது செலவிடுவதும் தகாது என்று அடுத்த மூச்சிலேயே சொல்கிறது.

நம்முடைய கருத்து இதுதான். இந்த இரண்டாவது எச்சரிக்கை யாரைச் சுடுகிறது? வளர்ப்பு நாயின் பிறந்தநாளுக்கு மண்டபம் பிடித்து கேக் வெட்டுகிறவரைச் சுடுகிறது. சாலையில் சிதைந்து கிடப்பதை எடுத்துப்போய்க் கட்டுப்போடுகிறவரைச் சுடாது. நம் அனுபவத்தில், 'மனிதனுக்கே இல்லை' என்று உரக்கக் கேட்பவர்களில் பலர் மனிதனுக்கும் கொடுப்பதில்லை. கொடுக்கிறவர்களோ இரண்டு உண்டியலிலும் போடுகிறார்கள். காப்பகத்துக்குப் போகும் நூறு ரூபாய் ஏழையின் தட்டிலிருந்து போவது அபூர்வம். நம் பட்டாசுக் கணக்கிலிருந்தும் ஓட்டல் கணக்கிலிருந்தும் போனால் யாருக்கு நட்டம்?

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. உயர்ந்த மதில் சுவருக்குள், காவலாளியோடு வாழ்கிறவர் தெருமுனையில் சோறு வைத்துவிட்டுப் போகிறார். கடிபடுகிறவர் விடியற்காலை தெருப் பெருக்க வரும் தூய்மைப் பணியாளரும், நடைபாதையில் தூங்கும் பிள்ளையும்தான். 2024இல் இந்தியாவில் பதிவான நாய்க்கடிகள் 37 லட்சத்துக்கு மேல். தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 4.8 லட்சம். வெறிநோயால் இந்தியாவில் ஆண்டுதோறும் 18,000 முதல் 20,000 பேர் வரை இறக்கக்கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் குழந்தைகள் மிகுதி. நோய்க்குறி தெரிந்துவிட்டால் பிறகு பிழைப்பது ஏறக்குறைய இல்லை. நாய்க்கு இரங்கும் நெஞ்சு இந்தத் தாய்மாருக்கு முன்னால் நின்று வாதாடக் கூடாது. முதலில் அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடித்த இடத்தை உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்குப் போனால் ஊசி இலவசம். சொன்ன நாள்களில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு வைப்பதை இன்றும் சில இடங்களில் கேள்விப்படுகிறோம். கூடவே கூடாது.

இந்த நோயை நிறுத்த வழி என்ன? ஒரு பகுதியின் நாய்களில் பத்தில் ஏழுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவுவது அறுந்துவிடும் என்பது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. சென்னை மாநகராட்சியும் 2025 ஆகஸ்டில் தெரு நாய்களுக்குப் பெரிய அளவில் தடுப்பூசி போடத் தொடங்கியது. நாயைப் பிடிக்க, ஊசி போட, அறுவை செய்து சில நாள் வைத்துப் பார்க்க ஆளும் இடமும் யாரிடம் உண்டு? பல ஊர்களில் இந்தக் காப்பகங்களிடம்தான். எனவே நாய்க்குச் சோறு வைக்கும் அம்மாவும் மகனுக்கு ஊசி போட்ட அம்மாவும் சேர்ந்து நிற்கக்கூடிய ஓர் இடம் உண்டென்றால், அது காப்பகத்தின் அறுவைக் கூடம்தான். சோறு வைக்கிற நாயைப் பிடித்துக் கொடுக்க அவரால்தான் முடியும். வேறு யார் கூப்பிட்டாலும் அது வராது!

தமிழ்நாட்டில் வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்யத் தொடங்கியதே ஒரு நன்கொடையால்தான். 1907ஆம் ஆண்டில் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. அதற்கு முன் இந்தப் பக்கத்தில் வெறிநாய் கடித்தால், வடக்கே இமயமலை அடிவாரத்துக் கசௌலிவரை இரயிலேறிப் போக வேண்டும். ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் கொடுத்த நன்கொடையிலிருந்து கர்சன் பிரபு ஒதுக்கிய ஒரு லட்சம் ரூபாய்தான் குன்னூர் நிறுவனத்துக்கு வித்தானது. கொடுத்தவர் குன்னூரில் வாழ்ந்தவர் அல்லர். அவருக்கு அங்கே உறவும் கிடையாது.

விவிலியத்தில் ஆங்காங்கே வரும் விலங்குகளை நாம் வேகமாக வாசித்துத் தாண்டிவிடுகிறோம். ஓய்வுநாள் ஓய்வு மாட்டுக்கும் கழுதைக்கும் உண்டு என்கிறது விடுதலைப் பயண நூல். நினிவே நகரை ஏன் அழிக்கவில்லை என்று யோனாவுக்குக் கடவுள் சொல்லும் காரணத்தில் அங்கிருந்த கால்நடைகளும் சேர்த்தி. தொபியா புறப்பட்டபோது கூடவே ஒரு நாயும் போயிற்று. செல்வர் வாசலில் கிடந்த இலாசரின் புண்களின் அருகே வந்தவை நாய்கள்தாம். உள்ளே விருந்துண்ட மனிதர்கள் வெளியே வந்ததாகக் காணோம். நாமோ, பல அந்தோணியார் திருத்தலங்களில் ஆட்டையும் கோழியையும் நேர்ச்சையாகக் கொண்டுவந்து ஏலம் விடுகிறோம். காலைக் கட்டி வெயிலில் போட்டிருக்கும் அந்தக் கோழிக்கு ஒரு வாய்த் தண்ணீர் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

கடனுக்குச் சிறை போன குரு

விலங்குவதைத் தடுப்புச் சங்கம் என்ற அமைப்பு உலகில் முதன்முதலாக 1824ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு காப்பிக் கடையில் கூடிய கூட்டத்தில் பிறந்தது. கூட்டியவர் ஆர்தர் புரூம் என்ற ஆங்கிலிக்கன் குரு. பங்குப் பணியையே விட்டுவிட்டு இதில் இறங்கினார். வண்டிக் குதிரைகளையும் சந்தைக்கு ஓட்டிவரப்படும் மாடுகளையும் அடித்து நொறுக்குவோரைக் கண்காணிக்கத் தம் காசில் ஆள் வைத்தார். நன்கொடை போதிய அளவு வரவில்லை, கடன் ஏறியது. 1826இல் சங்கத்தின் கடனுக்காக அவர் சிறையில் அடைக்கப்பட்டார். நண்பர்கள் பணம் திரட்டி மீட்டார்கள். அவர்களுள் லூயிஸ் கொம்பெர்ட்ஸ் என்ற யூதர் முக்கியமானவர். பிறகு சங்கத்தைக் கரை சேர்த்தவரும் அவரே. 1840இல் விக்டோரியா அரசி 'அரச' என்ற அடைமொழியைக் கொடுத்தபோது, புரூம் இறந்து மூன்றாண்டு ஆகியிருந்தது.

அந்தப் பழைய சங்கத்துக்கு நேர்ந்தது இன்றைய சிறிய காப்பகங்களுக்கும் நேர்கிறது. தொடங்குகிறவர் நல்லவர், கடைசியில் நகையை அடகு வைத்தவரும் அவரே. பத்து நாயோடு தொடங்கி, இரக்கப்பட்டு இரக்கப்பட்டு நூறாகி, சோறுபோட முடியாமல் அந்த நூறும் எலும்பும் தோலுமாக நிற்கும் காப்பகங்களும் உண்டு. இடமில்லை என்று சொல்லத் தெரியாத இரக்கம் ஒருவகையில் கொடுமையாகவே முடிகிறது. சட்டம் துணைக்கு வருமா என்றால், 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி முதல்முறைக் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்வரை. ருக்மிணி தேவி அருண்டேல் பாடுபட்டுக் கொண்டுவந்த காலத்தில் அது ஒரு தொகை. இன்று அதில் ஒரு டீயும் வடையும்கூடச் சந்தேகம்தான்.

ஆகவே கொடுப்பவர் கொஞ்சம் விசாரித்துக் கொடுக்க வேண்டும். கைப்பேசியில் இரத்தம் சொட்டும் நாயின் படமும், அடியில் யாரோ ஒருவரின் வங்கி எண்ணும் வந்தால் உருகிப் பணம் அனுப்பாதீர்கள். பதிவு பெற்ற அமைப்பா, விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் உண்டா, ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து காட்டுகிறார்களா, கால்நடை மருத்துவர் யார், எந்த நாளில் நேரில் வந்து பார்க்கலாம் என்று கேளுங்கள். நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வருமான வரிச் சலுகை வேண்டுவோர், பழைய வரிமுறையில் இருப்போருக்கே அது பொருந்தும் என்பதையும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கம்பெனிகளில் பொறுப்பில் இருப்பவர்கள், 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பொறுப்பு நிதியை விலங்கு நலனுக்கும் தரலாம் என்பதை உங்கள் இயக்குநர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

ஆண்டுக்கொரு முறை பிறந்தநாளன்று ஐந்தாயிரம் கொடுப்பதைவிட மாதம் தவறாமல் நானூறு கொடுப்பது மேல். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் சோறு கொண்டுவருவார்கள். செவ்வாய்க்கிழமை யாரும் வரமாட்டார்கள். நாய்க்குச் செவ்வாயும் பசிக்கும். மாதாமாதம் இவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் மருத்துவரை வேலைக்கு வைக்க முடியும், தடுப்பூசியை மொத்தமாக வாங்க முடியும்.

வீட்டில் பழைய போர்வை, துண்டு, பருத்திச் சேலை வைத்திருப்பவர்கள் அவற்றைத் துவைத்துக் காயவைத்துக் கொடுக்கலாம். பொத்தான், கொக்கி, ஜரிகை, ஊசி எதுவும் இல்லாமல் பார்த்துக் கொடுங்கள். குட்டிகள் கடித்து விழுங்கிவிடும். ஸ்வெட்டரும் தலையணையும் வேண்டாம், பஞ்சைப் பிய்த்துத் தின்றுவிடும். மழை தொடங்குவதற்கு முன் கொடுத்தால் நல்லது, ஈரத் துணியை அங்கே உலர்த்த இடம் இருக்காது.